சாரதி இல்லாத கோச்சியில்

எங்கள் குண்டசாலையில் புகையிரத நிலையம் இல்லை. கோச்சியில் எங்காவது போகவேண்டுமென்றால் பஸ் ஏறி, தென்னக்கும்புறப் பாலத்தால் மகாவலியைக் கடந்து கண்டிக்குப் போகவேண்டும். ஆனால் கோச்சிக் கதைகளுக்கு இங்கே குறைவில்லை. எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் மலையகப் பாதையில் நீண்டகாலம் எஞ்சின் சாரதியாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சிங்களப் பெரியவர். நான் அவரை மாத்தையா என்பேன். அவர் என்னை நங்கி என்பார். நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு, வன்னியில் அலைந்து, 1997 இல் இங்கே வந்து சேர்ந்த நாளில் முதலில் ஒரு கேத்தில் தேநீர் கொண்டுவந்து தந்தது அவர் வீட்டுக்காரிதான்.

2025 ஏப்ரலில் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக மூன்று மாத விசாவில் பாரிஸுக்குப் புறப்பட்டேன். வழியனுப்ப வந்த மாத்தையா, "நங்கி, அங்கே சாரதி இல்லாமல் கோச்சி ஓடுகிறதாம். உண்மையோ பொய்யோ பார்த்துவந்து சொல்" என்றார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. மிளகாய்த்தூளும் சரக்குமாக இருந்த பெட்டியின் நிறை கூடிவிடுமோ என்பதே அப்போது என் கவலை.

மகளின் குடும்பம் இருப்பது பாரிஸுக்குத் தெற்கே பான்யூ என்னும் இடத்தில். அங்கேதான் நிலத்தடி மெற்றோவின் 4 ஆம் இலக்கப் பாதை முடிகிறது. எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்கு மரக்கறி வாங்கப் போவதென்றால் இந்தப் பாதையில் ஏறி, நகரத்தின் அடியால் தெற்கிலிருந்து வடக்காக ஊடறுத்துப் போய், கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்தால் போதும். வீட்டு வாசலில் ஏறினால் முருங்கைக்காய்க் கடையடியில் இறங்கலாம் என்று மருமகன் சொன்னார். நான் போன முதல் வாரமே என்னை அழைத்துச் சென்றார்.

அந்தக் கடைசி நிலையத்தின் பெயர் பான்யூ லூசி ஒப்ராக். யார் இந்த லூசி என்று கேட்டேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியப் படை பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில் எதிர்ப்பியக்கத்தில் இருந்த பள்ளிக்கூட ஆசிரியை அவர். 1943 இல் அவருடைய கணவர் லியோன் நகரில் பிடிபட்டபோது, வயிற்றில் பிள்ளையோடு இருந்த லூசி, தோழர்களுடன் சேர்ந்து, கைதிகளை ஏற்றிச்சென்ற வண்டியை மறித்துக் கணவரை மீட்டாராம். அதற்கு முந்திய நிலையத்துக்கு பார்பரா என்று பெயர். அவர் ஒரு பாடகி. யூதக் குடும்பத்தில் பிறந்து, அதே போரில் குடும்பத்தோடு ஊர் ஊராக ஒளிந்து திரிந்த சிறுமி. 2022 ஜனவரியில் திறந்த இரண்டு நிலையங்களுக்கும் போரைக் கண்ட இரண்டு பெண்களின் பெயர்கள். நாளும் எத்தனையோ ஆயிரம் பேர் வேலைக்குப் போகும் அவசரத்தில் இந்தப் பெயர்களைச் சொல்லி ஏறி இறங்குகிறார்கள்.

நகரும் படியில் இறங்கி மேடைக்கு வந்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது தண்டவாளம் அல்ல, ஒரு நீண்ட தடுப்பு. நெஞ்சளவு உயரத்தில், மேடையின் ஓரம் முழுவதும், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கட்டியிருந்தது. நடுநடுவே கதவுகள். பாதை வெறுமையாக இருக்கும்போது அந்தக் கதவுகள் பூட்டியே இருக்கும். ரயில் வந்து, தன்னுடைய கதவுகள் தடுப்பின் கதவுகளுக்கு நேர் எதிரே வரும்படி நின்றபிறகுதான் இரண்டும் ஒன்றாகத் திறக்கும். வீட்டுக்குள் கூடமும் அறையும் போல, மேடையிலிருந்து நேரே பெட்டிக்குள் காலெடுத்து வைக்கலாம்.

ஏன் இந்தத் தடுப்பு? சாரதி இருந்தால் அவர் கண் பாதையில் இருக்கும். யாராவது தவறி விழுந்தால், ஒரு பிள்ளை ஓரத்துக்கு ஓடினால், அவர் பிரேக்கைப் பிடிப்பார். சாரதியை எடுத்துவிட்டால், பாதையில் யாருமே விழமுடியாதபடி முதலிலேயே அடைத்துவிட வேண்டும். 14 ஆம் பாதையை 1998 இல் திறந்தபோது மேடையின் முழு உயரத்துக்குமே கண்ணாடிச் சுவர் வைத்தார்கள். ஆரம்பத்திலிருந்தே சாரதி இல்லாமல் ஓடவென்று கட்டிய பாதை அது. பழைய பாதைகளில் அரை உயரத் தடுப்புத்தான்.

அந்தப் பழைய பாதைகளை மாற்றிய கதை எனக்கு மிகவும் பிடித்தது. பாரிஸின் முதலாவது மெற்றோ 1900 ஜூலையில் ஓடத் தொடங்கியது. அந்த 1 ஆம் பாதையை 2011 இலிருந்து 2012 முடிவதற்குள் சாரதி இல்லாததாக மாற்றினார்கள். 1908 இல் தொடங்கிய எங்கள் 4 ஆம் பாதையில் முதலாவது தானியங்கி ரயில் 2022 செப்டெம்பரில் ஓடியது. 2023 முடிவதற்குள் எல்லா ரயில்களும் மாறிவிட்டன. இதற்காகப் பாதையை நீண்டகாலம் மூடிவைக்கவில்லை. இரவில் கடைசி ரயில் போனபின் வேலையாட்கள் இறங்கித் தடுப்புகளைப் பொருத்துவார்கள்; விடிய மக்கள் வழமைபோல் வேலைக்குப் போவார்கள். சிறிதுகாலம் சாரதியுள்ள ரயிலும் இல்லாத ரயிலும் ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினவாம். குடியிருந்துகொண்டே வீட்டைத் திருத்தியவர்களுக்கு அந்தக் கஷ்டம் விளங்கும்.

ரயில் வந்து நின்றது. மருமகன் என்னை முதலாவது பெட்டிக்குக் கூட்டிப்போனார். சாரதியின் அறை இருக்கவேண்டிய இடத்தில் பெரிய கண்ணாடி. அதன் முன்னால் நாலு வயதுப் பேரன் ஏற்கனவே மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். கதவு மூடுமுன் ஒரு சீழ்க்கை ஒலி. பிறகு ரயில் தானாக நழுவியது. முன்னால் இருட்டுச் சுரங்கம், வளைவில் மினுங்கும் தண்டவாளம், தூரத்தில் அடுத்த நிலையத்தின் வெளிச்சம். பின்னால் திரும்பினால் பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையில் கதவே இல்லை. தொண்ணூறு மீற்றர் நீளமான ரயில் முழுவதும் ஒரே விறாந்தை. 4 ஆம் பாதையின் ரயில்கள் இரப்பர் சில்லுகளில் ஓடுவதால் இரும்பு அரைபடும் ஓசை குறைவு.

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு இந்தத் திறந்த விறாந்தை நல்லது என்று மகள் பிறகு சொன்னாள். இரவில் ஒரு பெட்டியில் யாராவது தொந்தரவு தந்தால், ஆட்கள் இருக்கும் பக்கமாக எழுந்து நடந்துவிடலாம். பழைய ரயில்களில் அடுத்த நிலையம் வரும்வரை அந்தப் பெட்டிக்குள் அகப்பட்டுக் கிடக்கவேண்டும். கமெராக்கள் உண்டு. கதவருகே பேசும் கருவி உண்டு. பொத்தானை அழுத்தினால் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருப்பவர் பேசுவார். ஆபத்துப் பிடியை இழுத்தாலும் இப்படியான ரயில்கள் நடுச்சுரங்கத்தில் நின்றுவிடாமல், அடுத்த நிலையம்வரை போய் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். உதவி அங்கேதான் வரமுடியும் என்பதால். இவ்வளவு இருந்தும், ஒரு சீருடைக்காரர்கூட இல்லாத ரயிலில் நடுச்சாமத்தில் தனியே போக எனக்கு மனம் வராது. சீருடையைக் கண்டாலும் பயம், காணாவிட்டாலும் பயம் என்று மகள் சிரித்தாள்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இத்தனை புதுமையும் மேடையோடு நின்றுவிடுகிறது. 4 ஆம் பாதையின் பழைய நிலையங்கள் பலவற்றில் லிப்ட் இல்லை. கைக்குழந்தையை வண்டிலில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் மரக்கறிப் பையோடு, அந்தப் படிகளில் ஏறும் தாய்மாரைப் பார்த்தால் இரக்கமாக இருக்கும். யாராவது வந்து வண்டிலின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொடுப்பார்கள், அது வேறு. 14 ஆம் பாதையில் எல்லா நிலையங்களிலும் லிப்ட் உண்டு. அந்தப் பாதை 2024 ஜூனில் ஓர்லி விமான நிலையம்வரை நீண்டிருக்கிறது.

சாரதி இல்லாவிட்டால் ரயிலுக்கு எப்படித் தெரியும், எங்கே நிற்கவேண்டும் என்று? மருமகன் விளங்கப்படுத்தினார். பாதையில் குறித்த இடங்களில் அடையாளக் கருவிகளைப் பதித்திருக்கிறார்கள். அவற்றைக் கடக்கும்போது ரயில் தான் நிற்கும் இடத்தைச் சரியாக அறிகிறது. அடுத்த அடையாளம் வரும்வரை சில்லு எத்தனை தரம் சுழன்றது என்று எண்ணிக்கொள்கிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று வானொலி அலைமூலம் ஓயாமல் அறிவித்துக்கொண்டே போகிறது. கணினிகள் எல்லா ரயில்களின் இடத்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் "நீ இதுவரை போகலாம், அதற்கு அப்பால் போகக்கூடாது" என்று எல்லை சொல்கின்றன. அந்தச் சொல் வராமல் போனால் ரயில் தன்பாட்டில் நின்றுவிடும். எல்லாக் கதவும் பூட்டியது உறுதியாகாமல் புறப்படவும் மாட்டாது. இதனால்தான் நெரிசலான நேரத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற அளவுக்கு நெருக்கி விடமுடிகிறது. ஆனால் ஆட்களே இல்லை என்று நினைக்கவேண்டாம். கட்டுப்பாட்டு நிலையத்தில் இரவுபகலாகத் திரைகளின் முன் ஆட்கள் இருக்கிறார்கள், நிலையங்களிலும் இருக்கிறார்கள். ரயிலுக்குள்தான் இல்லை.

இனி, எனக்கு நேர்ந்ததைச் சொல்லவேண்டும். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை, பிழை என்னுடையது.

குழந்தை பிறந்து ஐந்தாவது வாரம். மகள் வண்டிலைத் தள்ள, நான் பேரனின் கையைப் பிடித்திருந்தேன். ரயில் நின்றது, சனம் இறங்கியது, சீழ்க்கை ஒலித்தது. கண்டியில் பஸ்ஸுக்குப் பாயும் பழக்கம் எங்கே போகும்? நான் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கிறேன், கதவு பூட்டிவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் மகள்.

கதவுக்கு இடையில் ஒரு கை, ஒரு பை அகப்பட்டால் அந்த இயந்திரம் உணர்ந்து திரும்பத் திறக்கும். இடையில் ஒன்றும் இல்லையென்றால் திறக்காது. வெளியே ஒரு தாய் நிற்கிறாள், உள்ளே அவள் பிள்ளை நிற்கிறான் என்பது அதற்குத் தெரியாது. கத்திச் சொல்ல முன்னால் சாரதியும் இல்லை. நான் கதவில் அடித்தேன். ரயில் போய்க்கொண்டிருந்தது.

அந்த இரண்டு நிலையங்களுக்கு இடையில் நான் பாரிஸில் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு நாவற்குழிப் பாலத்தடியில் நின்றேன். வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் அந்த ஒரே வழியால் நகர்ந்ததை உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மழை. இடுப்பில் இரண்டு வயது மகன், தலையில் மூட்டை, கையில் ஐந்து வயது மகள். எப்போது அந்தக் கை நழுவியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால் வரும் சனம் நிற்கவிடாது. திரும்பி நடக்கவும் இடமில்லை. விடியும்வரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அடுத்தநாள் கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் பிள்ளைகளோடு அவளையும் படுக்கவைத்துச் சீலையால் மூடியிருக்கக் கண்டேன்.

அந்த மகள்தான் இப்போது கண்ணாடிக்கு வெளியே நின்றவள்.

பேரன் என் சீலையைப் பிடித்து இழுத்தான். "அம்மம்மா, அழாதேங்கோ. அடுத்த ஸ்ரேசனில இறங்கி, வாங்கில இருக்கவேணும். அம்மா அடுத்த மெற்றோவில வருவா." நாலு வயதுப் பிள்ளை. பக்கத்தில் நின்ற ஆபிரிக்கப் பெண் ஒருவர் என் தோளைத் தொட்டு ஏதோ பிரெஞ்சில் சொன்னார். பேரன் அவருக்கும் பெரியமனிதர் போல விளக்கம் கொடுத்தான். அடுத்த நிலையத்தில் அந்தப் பெண்ணும் எங்களோடு இறங்கி நின்றார். வாங்கில் இருந்தோம். மேலே மின்பலகையில் அடுத்த ரயில் இரண்டு நிமிடம் என்று இருந்தது. பிறகு ஒரு நிமிடம் என்று மாறியது. ரயில் வந்தது, தடுப்பின் கதவுகள் திறந்தன, வண்டிலோடு மகள் இறங்கினாள். அவள் அவசரப்படவேயில்லை. அவர் அந்த ஆபிரிக்கச் சகோதரிக்கு நன்றி சொல்லி, அடுத்த ரயிலில் அவரை ஏற்றிவிட்ட பிறகுதான் என்னிடம் வந்தாள்.

அன்றிரவு அடுப்படியில் அவளிடம் கேட்டேன், பிள்ளைக்கு எப்போது இதைச் சொல்லிக்கொடுத்தாய் என்று. அவன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, மெற்றோவில் ஏறும் ஒவ்வொரு தரமும் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கியதாகச் சொன்னாள். "பிரிஞ்சுபோனா எங்க நிக்கிறது எண்டு அண்டைக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை அம்மா. நான் நடந்துகொண்டே இருந்தனான்." குற்றம் சொல்வதுபோல அவள் சொல்லவில்லை. நான்தான் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினேன்.

ஜூலையில் குண்டசாலைக்குத் திரும்பி வந்ததும் மாத்தையா தேடி வந்தார். மருமகன் முன்கண்ணாடியால் எடுத்த வீடியோவைக் கைத்தொலைபேசியில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் பார்த்தார். வளைவு வரும்போது அவருடைய இடதுகை தானாக அசைந்தது. பிறகு, "இதில் புதிதாக ஒன்றும் இல்லை நங்கி. இது எங்கள் டெப்லட்தான்" என்றார்.

மலையகப் பாதை பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம். இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சியாக ஒரு உலோகத் தட்டு, அதுதான் டெப்லட். நிலைய அதிபரின் அறையில் உள்ள பெட்டி, அடுத்த நிலையத்துப் பெட்டியோடு மின்கம்பியால் தொடுக்கப்பட்டது. மறுமுனை சம்மதித்தால்தான் தட்டு வெளியே வரும். ஒன்று வெளியே வந்தால், அது போய்ச் சேரும்வரை இன்னொன்று வராது. அதைத் தோல்பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடும் எஞ்சினிலிருந்து சாரதியின் ஆள் கையை நுழைத்து அதை வாங்குவார். "தட்டுக் கையில் இல்லாவிட்டால் நான் அடி நகரமாட்டேன். வானொலிச் சொல் வராவிட்டால் உன் ரயில் நகராது. இரண்டும் ஒன்றுதானே?" என்றார். மருமகன் அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தியதை இவர் ஒரு வளையத்தில் முடித்துவிட்டார்.

இங்கே அப்படி ஓடுமா என்று கேட்டேன். சிரித்தார். 1867 இல் கண்டிக்கு வந்த பாதை இது. கடுகண்ணாவையில் நாற்பத்தைந்து அடிக்கு ஓரடி ஏற்றம். மழைக்கு மண் சரியும், மரம் விழும், மாடு நிற்கும், பிள்ளைகள் பாதையால் பள்ளிக்கூடம் போகும். சுரங்கமோ தூணோ தடுப்போ வைத்து அடைத்த பாதையில்தான் கண் இல்லாத ரயில் ஓடலாம். திறந்த பாதைக்குக் கண் வேண்டும் என்றார். எங்கள் வடபகுதிப் பாதையை நினைத்துக்கொண்டேன். 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தபோது, பிள்ளை பெற்ற பெண்கள்கூட முதன்முதலாகக் கோச்சியைப் பார்த்தார்கள்.

அயலில் இது வந்துவிட்டது. டில்லியில் 2020 டிசம்பரில் இந்தியாவின் முதலாவது சாரதி இல்லாத மெற்றோ ஓடியது. சென்னையின் இரண்டாம் கட்டப் பாதைகளுக்கான அத்தகைய முதலாவது ரயில் 2024 ஒக்டோபரில் பூந்தமல்லிப் பணிமனைக்கு வந்துசேர்ந்தது. கொழும்பில் மாலபே வரை தூண்களின்மேல் இலகு ரயில் விடும் திட்டம் 2020 இல் கைவிடப்பட்டது. எங்கள் ஒழுங்கையில் டுபாயில் பணிப்பெண்ணாக இருந்த ஒரு சகோதரி, "நீங்கள் பாரிஸில் பார்த்ததை நான் எப்போதோ பார்த்துவிட்டேன்" என்றார். 2009 செப்டெம்பரில் தொடங்கிய டுபாய் மெற்றோவும் சாரதி இல்லாததுதான். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனிப்பகுதி உண்டு. மாதத்தில் ஒருநாள் லீவில் அதில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போய்வருவதுதான் தனக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு என்றார் அவர்.

மாத்தையாவுக்கு இன்னொரு கேள்வி இருந்தது. சாரதிமாருக்கு என்ன நடந்தது? வேறு பாதைகளுக்கும் கட்டுப்பாட்டு வேலைகளுக்கும் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன். 2019 டிசம்பரில் ஓய்வூதிய மாற்றத்தை எதிர்த்து பாரிஸில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தபோது மற்றப் பாதைகள் முடங்க, சாரதி இல்லாத 1 ஆம், 14 ஆம் பாதைகள் ஓடிக்கொண்டிருந்தன என்பதையும் சொன்னேன். தொழிற்சங்கத்தில் இருந்தவர் அவர். "ம்ம்" என்றார். கொஞ்சநேரம் பேசவில்லை.

அந்த மாத முடிவில் எசல பெரஹரா தொடங்கியது. மகனின் பிள்ளைகள் இருவருக்கும் யானை பார்க்க ஆசை. ஆறு வயதுக்காரியையும் நாலு வயதுக்காரனையும் கூட்டிக்கொண்டு, தென்னக்கும்புறப் பாலம் தாண்டி கண்டி பஸ் நிலையத்தில் இறங்கினேன். சனம் அலைபோல இருந்தது. அவர்களை மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குக் கொண்டுபோய், அண்ணாந்து பார்க்கச் சொல்லி, "கை விட்டுப்போனா இங்க வந்து நிக்கவேணும். வேற ஒரு இடமும் நடக்கக்கூடாது" என்றேன். இருவரையும் மூன்று தரம் திருப்பிச் சொல்லவைத்தேன்.

"எவ்வளவு நேரம் நிக்கவேணும் அப்பம்மா?" என்று பெரியவள் கேட்டாள்.

"நான் வருமட்டும்."